அறைக்கு இரண்டு வாசல்

ஏப்ரல் 11, சனி. கொடுத்த அட்டை 34. வந்த பதில் 0. மீதி நாள் 172.
மே 9, சனி. கொடுத்த அட்டை 41. வந்த பதில் 1. மீதி நாள் 144.
ஜூன் 13, சனி. கொடுத்த அட்டை 38. வந்த பதில் 0. மீதி நாள் 109.
ஜூலை 11, சனி. கொடுத்த அட்டை 27. வந்த பதில் 0. மீதி நாள் 81.
ஆகஸ்ட் 8, சனி. கொடுத்த அட்டை 3. வந்த பதில் 0. மீதி நாள் 53.
செப்டம்பர் 12, சனி. கொடுத்த அட்டை 0. மீதி நாள் 18.

அட்டை என்பது பெயரும் தொலைபேசி எண்ணும் அச்சடித்த விசிட்டிங் கார்டு. மீதி நாள் என்பது செப்டம்பர் முப்பது வரை எண்ணியது. அன்றைக்குள் வீடியோ கேம் தயாரிக்கும் நிறுவனம் ஏதாவது ஒன்றில் வேலை கிடைத்தாக வேண்டும். கிடைக்காவிட்டால் அக்டோபர் முதல் தேதி காலை பத்து மணிக்குப் பழைய அலுவலகத்தில் பழைய நாற்காலியில் போய் உட்கார வேண்டும்; அதன் பிறகு இந்தப் பேச்சையே எடுப்பதில்லை என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். சம்பளமில்லாத விடுப்பு ஆறு மாதம், அதுவும் ஒரே ஒரு தடவைதான் என்று மேலாளரும் கறாராகச் சொல்லியிருந்தார்.

இந்த வரிகளைச் சட்டைப்பை நோட்டில் குறித்து வைத்தவருக்கு வயது நாற்பத்து மூன்று. பெரிய கட்டடங்களில் லிஃப்டுக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு வரைபடம் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். சிவப்புப் புள்ளி வைத்து 'நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்' என்று எழுதியிருக்கும். தீப்பிடித்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று பச்சை அம்பு காட்டும். யாரும் அதைப் படிப்பதில்லை. அதைப் பதினேழு வருடமாக வரைந்தவர் அவர். வரைவதற்கு முன் கட்டடத்தை நடந்து பார்த்து, குற்றம் குறைகளை எழுதிக் கொடுப்பதும் அவர் வேலை.

அப்படிப்பட்டவருக்கு வீடியோ கேமில் ஆசை வந்த கதை சின்னது. ஆறு வருடத்துக்கு முன் ஓர் ஏணியிலிருந்து விழுந்து ஏழு வாரம் காலில் மாவுக்கட்டு. பொழுது போகட்டும் என்று மச்சினன் தன் கேம் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான். இருட்டு ஆஸ்பத்திரிக்குள் ஒரு பிராணி துரத்தும், நாம் தப்பிக்க வேண்டும். மற்றவர்கள் பிராணியைப் பார்த்து அலறுவார்கள். இவர் கட்டடத்தைப் பார்த்து அலறினார். மூன்றாவது மாடியில் நூற்றிருபது கட்டில், இறங்க ஒரே ஒரு படிக்கட்டு, இதற்கு எவன் அனுமதி கொடுத்தான் என்று கட்டுக்காலோடு எழுந்து உட்கார்ந்துவிட்டார். ஏழாவது வாரம் அந்த ஆஸ்பத்திரியின் வரைபடம் முழுவதும் அவர் கையில் இருந்தது. இப்படிப்பட்ட இடங்களைக் கேமுக்காகக் கட்டுவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள், கட்டிய இடத்துக்கு லெவல் என்று பெயர், கட்டுகிறவர் லெவல் டிசைனர் என்று பிறகு தெரிந்துகொண்டார். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல் இருந்தது. அதன்பின் ஆறு வருடம், விடுமுறை நாளெல்லாம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தானே கற்றுக்கொண்டார்.

வேலை கற்றுக்கொண்டால் போதாது, நாலு பேரைத் தெரிந்திருக்க வேண்டும் என்று சொன்னவனும் அதே மச்சினன்தான். அவன் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்பவன். ஒரே தெருவில் எட்டு வீட்டுக்கு விற்றிருக்கிறான். அதில் இரண்டு வீட்டில் குழாயே கிடையாது என்று அவன் அக்காள் சொல்வாள்.

"அத்தான், ஆளைப் பாத்ததும் கையைக் குடுங்க. அட்டையைக் குடுங்க. பேரைக் கேட்டு ரெண்டு தடவை திருப்பிச் சொல்லுங்க. எந்த ஆளும் தப்பக் கூடாது" என்றான்.

"தப்பிக்க வழி விடறதுதான்டா என் தொழில்" என்றார் அவர். ஆனாலும் இருநூறு அட்டை அச்சடித்துக்கொண்டார்.

கேம் துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக மாதம் ஒரு கூட்டம் நடக்கும். இரண்டாம் சனிக்கிழமை, மாலை நாலு முதல் ஏழு வரை, ஒரு கம்பளக் கடைக்கு மேலே மாடி ஹாலில். சின்ன நிறுவனங்கள் தங்கள் கேமை லேப்டாப்பில் திறந்து வைத்திருக்கும். வந்தவர்கள் ஆடிப் பார்க்கலாம், செய்தவர்களோடு பேசலாம், பழகலாம். அதற்குத்தான் கூட்டம்.

முதல் கூட்டத்துக்கு அவர் மூன்றே முக்காலுக்குப் போய்விட்டார். ஹாலின் நீள அகலத்தைக் காலால் அளந்தார். எண்பது பேருக்கான இடம். நாலரை மணிக்குள் நூற்றுப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். இறங்குவதற்கு ஒரு படிக்கட்டு. அதன் பாதி அகலத்தைக் கம்பளச் சுருள்கள் அடைத்திருந்தன. புத்தியுள்ள மனிதன் அந்த ஹாலில் எங்கே நிற்பான்? வாசலருகே நிற்பான். அவரும் நின்றார். அன்று மட்டுமல்ல, நான்கு மாதமும் அதே இடத்தில் நின்றார்.

வந்திருந்தவர்கள் பெரும்பாலும் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பிள்ளைகள். இவரை யாரோ ஒருவருடைய அப்பா என்றோ ஹாலின் காவல்காரர் என்றோ எடுத்துக்கொண்டார்கள். அட்டையைச் சிலர் மரியாதைக்கு வாங்கிக்கொண்டார்கள். சிலர் பதிலுக்குத் தங்கள் அட்டையைக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தார். முப்பத்து நான்கில் முப்பத்தொன்று வேலை தேடுகிறவர்களுக்குப் போயிருந்தது. ஹால் முழுவதும் வேலை தேடுகிறவர்கள் வேலை தேடுகிறவர்களுக்கு அட்டை கொடுத்து, பேரை இரண்டு தடவை திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். மே மாதம் வந்த ஒரே பதில், தீயணைக்கும் சிலிண்டர் சகாயமாகக் கிடைக்குமா என்று கேட்டு வந்தது. மற்றதெல்லாம் கடலில் கரைத்த பெருங்காயம்.

ஜூலைக் கூட்டத்தில்தான் ஒருத்தி நின்று பேசினாள். பேய் வீடு ஒன்றைக் கேமாகச் செய்துகொண்டிருந்த ஐந்து பேர் நிறுவனத்தின் தலைவி. முப்பது வயது இருக்காது. எல்லாரும் அவளைப் பேய்வீட்டுக்காரி என்றே சொன்னார்கள். தினமும் ஆறே காலுக்கு ஒரு பஸ் பிடிப்பவள் என்பதால் ஒவ்வொரு கூட்டத்திலும் ஆறு மணிக்கு வாசலைத் தாண்டி ஓடுவாள். அன்றும் ஓடி வந்தாள். இவர் அட்டையை நீட்டினார்.

"அண்ணா, இது நீங்க எனக்குக் குடுக்கற நாலாவது கார்டு. ஒண்ணு எங்க ஆபீஸ் மேஜைக் காலுக்கு அடியில இருக்கு."

"இப்ப மேஜை ஆடலையே?" என்று அக்கறையாகக் கேட்டார் அவர்.

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். நீங்கள் இந்த ஹாலைச் சேர்ந்தவர் இல்லையா என்று கேட்டாள். லெவல் டிசைன் வேலை தேடி வந்திருப்பதாக அவர் சொன்னதும் பையைத் தோளிலிருந்து இறக்கினாள்.

"வேலை தேடறவங்க உள்ள வர்றவங்களைப் பிடிப்பாங்க. நீங்க வெளிய போறவங்களாப் பாத்துப் பிடிக்கறீங்க. பஸ்ஸுக்கு ஓடறவ கையில எதைக் குடுத்தாலும் டிக்கெட் மாதிரிதான் அண்ணா, இறங்கினதும் போட்டுடுவா. அட்டையை விடுங்க. செஞ்சதைக் கொண்டுவந்து ஒரு மேஜையில வைங்க."

நான்கு மாதத்தில் நூற்று நாற்பது அட்டை கொடுத்திருக்கிறார், வாங்கிய அத்தனை பேரும் வீட்டுக்குப் போகிற அவசரத்தில் இருந்தவர்கள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வீட்டில் சொன்னார். மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். எதிராளிக்கு எது தெரியவில்லை என்று கண்டுபிடிப்பது அவளுக்குக் கைவந்த கலை. நம் கல்யாணத்திலும் நீங்கள் வாசலில்தான் நின்றீர்கள், பெண் வீட்டார் வரவேற்க நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள், எனக்கல்லவா தெரியும் என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனாள்.

ஆகஸ்ட் எட்டாம் தேதி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஹாலின் நடுவுக்குப் போனார். வாசல் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு தன் லெவலைத் திறந்து வைத்தார். பாழடைந்த நாடகக் கொட்டகை, பதினோரு அறை, உள்ளே ஒரு பேய், வெளியே தப்ப வேண்டும். மூன்று வருட உழைப்பு.

முதலில் ஆடிய பையன் நாற்பது விநாடியில் வெளியே வந்துவிட்டு, அவ்வளவுதானா என்று திரையைத் தட்டிப் பார்த்தான். அடுத்தவள் முப்பத்தொரு விநாடி. மொத்தம் நாற்பத்தாறு பேர் ஆடினார்கள். நாற்பத்தாறு பேரும் சேதமில்லாமல் வெளியே வந்தார்கள். பேயை ஒருவரும் பார்க்கவில்லை. பேய்வீட்டுக்காரியும் வந்து உட்கார்ந்தாள். முப்பத்தெட்டு விநாடி.

"பேய் எங்க அண்ணா?"

"மூணாவது அறையில இருக்கு. நீங்க அந்தப் பக்கம் போக வேண்டிய அவசியம் வரலை."

"ஏன் வரலை?"

"அறைக்கு ரெண்டு வாசல் வெச்சிருக்கேன். புகை வந்தாலும் அம்பு தெரியும்" என்றார். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேஜைக்காரர்கள் எழுந்து வந்தார்கள். விஷயம் ஹாலைச் சுற்றியது. இந்த வீட்டில் பேய்க்குத்தான் போரடித்துப் போகும் என்றான் ஒருவன். பேய்க்கும் சேர்த்து வாசல் வைத்திருக்கிறாரா என்று கேட்டான் இன்னொருவன். வைத்திருந்தார். ஐந்தரை மணிக்குள் அவருக்கு 'ரெண்டு வாசல்' என்று பேர் நிலைத்துவிட்டது. நூற்று நாற்பது அட்டை செய்யாத வேலையை ஒரு கேலி செய்தது: ஹாலில் இருந்தவர்களுக்கு அவர் யார் என்று தெரிந்துவிட்டது.

கூட்டம் கலைந்ததும் அவள் கொஞ்சம் தணிந்து, வெளியே வரவே முடியாத ஒரு வீட்டை உங்களால் கட்ட முடியுமா என்று கேட்டாள். அவர், அப்படிக் கட்டியவர்களிடம்தான் பதினேழு வருடமாகச் சண்டை போட்டதாகச் சொன்னார். எந்தக் கட்டடத்தில் என்ன தப்பு, ஜனங்கள் ஏன் வழியைத் தவறவிட்டார்கள் என்று ஒன்றுவிடாமல் எழுதிய நோட்டு வீட்டில் ஆறு இருக்கிறது, மொத்தம் ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு குறை என்றார்.

"ஆயிரத்து நூத்தி நாப்பத்தாறா?"

"கட்டடத்தோட பேரைச் சொல்ல மாட்டேன்."

"பேரு யாருக்கு வேணும்? அத்தனை தப்பையும் செய்ங்கண்ணா. வேணும்னே செய்ங்க. அடுத்த மாசம் நாங்க அஞ்சு பேரும் வந்து பாக்கறோம். நல்லா இருந்தா எங்களுக்கு ஒரு ஆள் வேணும்."

அன்று அவள் பஸ்ஸை விட்டுவிட்டாள். அவர் அதையும் குறித்துக்கொண்டார்.

ஆகஸ்ட் ஒன்பது முதல் முப்பத்து நான்கு நாள், தன் வாழ்நாளில் கட்டக் கூடாது என்று சொன்ன வீட்டை அவர் கட்டினார். குறைகளில் ஐம்பத்தேழைப் பொறுக்கியெடுத்தார். வழியில்லாத பக்கத்தில் பளிச்சென்று விளக்கு, ஏனென்றால் பயந்த மனிதன் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் ஓடுவான். நடையின் கோடியில் நிலைக்கண்ணாடி, தூரத்திலிருந்து பார்த்தால் இன்னொரு நடை என்று தோன்றும். நான்குக்குப் பிறகு ஆறு என்று இலக்கமிட்ட அறைகள். இறங்குவதுபோல் தொடங்கி ஏறிவிடும் படிக்கட்டு. ஒவ்வொன்றையும் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருபத்து மூன்றாவது குறையை நினைத்துப் பெருமூச்சு விட்டார். ஆற்றாமை தாங்காமல் கடைசியில், உள்சுவரில் ஒரு பலகை அடித்தார்: 'இக்கட்டடம் மனிதர் புழங்கத் தகுதியற்றது.' கீழே ஆய்வுத் தேதியும் போட்டார்.

மனைவியை உட்காரவைத்துச் சோதித்தார். நாற்பத்தெட்டு நிமிடம் அவள் உள்ளேயே சுற்றினாள். கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தே பவர் நம்பரைச் சொல்லிவிடுகிறவள், கடைசியில் மவுஸைத் தள்ளிவிட்டுக் கதவு எங்கே என்று கேட்டாள். பதினைந்து வருடத் தாம்பத்தியத்தில் அவள் கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்தும் சொல்லாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. அவர் முகத்தில் ஒரு மினுமினுப்பு தெரிந்தது. அவளும் அதைப் பார்த்துவிட்டு இன்னொரு சுற்றுப் போனாள்.

இடையில் ஒரு சிக்கல் வந்தது. கடைசி வாசலைப் பூட்டிவிடுங்கள், சாவியை எங்காவது ஒளித்துவையுங்கள், ஆட்டம் நீளும் என்று பேய்வீட்டுக்காரி தொலைபேசியில் சொன்னாள். முடியாது என்றார். மீதி நாள் இருபத்து நான்கு என்று நோட்டில் இருந்தது; ஆனாலும் முடியாது என்றார்.

"அண்ணா, அது பேய் வீடு. பள்ளிக்கூடம் இல்ல."

"பேய் வீடா இருந்தாலும் உள்ள போறவன் மனுஷன்தானே? வாசலை மறைப்பேன். பூட்ட மாட்டேன்."

சரி, கொண்டுவாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற ரகம் நீங்கள் என்று மச்சினன் தலையில் அடித்துக்கொண்டான்.

செப்டம்பர் பன்னிரண்டு. முப்பத்தொன்பது பேர் ஆடினார்கள். வெளியே வந்தவர்கள் நாலு பேர். மற்றவர்கள் உள்ளே மாட்டிக்கொண்டு, பின்னால் நின்றவர்களைக் கேட்டு, அவர்களும் தெரியாமல் விழித்து, மேஜையைச் சுற்றி மூன்று வரிசை சேர்ந்துவிட்டது. பலகையைப் பார்த்துப் பல பேர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்கள். அது கதையின் பகுதி என்றே நினைத்துவிட்டார்கள். கையை விரித்தவர்களுக்கு அவர் மட்டும் அமைதியாகக் காட்டினார்: நீங்கள் உள்ளே வந்த கதவுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கதவு, சுவரின் நிறம், தொடக்கத்திலிருந்தே திறந்து கிடக்கிறது. வந்த மனிதன் முன்னால்தான் பார்ப்பான், பக்கத்தில் பார்க்க மாட்டான். ஆயிரத்து நூற்று நாற்பத்தாறில் அது பதினெட்டாவது.

திறந்தே இருந்ததா என்று ஒவ்வொருவரும் நெற்றியில் அடித்துக்கொண்டு, அடுத்த ஆளை இழுத்து வந்து உட்காரவைத்தார்கள். ஏழு மணிக்குள் இருபத்திரண்டு பேர் அவர் எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். சட்டைப்பையில் அட்டைகள் இருந்தன. எடுக்கக் கை ஒழியவில்லை.

இரண்டு மணி நேரம் ஓரமாக நின்று பார்த்த பேய்வீட்டுக்காரி கடைசியில் வந்தாள். பூட்டியிருந்தால் ஜனங்கள் நம்மைத் திட்டியிருப்பார்கள், திறந்திருந்ததால் தங்களையே திட்டிக்கொள்கிறார்கள் என்றாள். "திங்கக்கிழமை வந்துடுங்கண்ணா."

"வேலைக் கடிதம்?" என்றார் அவர்.

திங்கட்கிழமை அவர் போகவில்லை. எங்கே இருக்கிறீர்கள் என்று பதினோரு மணிக்கு அழைத்தாள். கடிதம் இன்னும் வரவில்லை என்றார். போனில் அனுப்பினேனே என்றாள். அவள் அனுப்பியது உயர்த்திய கட்டைவிரல் படம் ஒன்று. பதினேழு வருட நாற்காலியை ஒரு கட்டைவிரலுக்காக விட முடியாது என்று பணிவாகச் சொன்னார். அந்த நிறுவனத்தில் அதுவரை யாருக்கும் யாரும் கடிதம் கொடுத்ததில்லை. பிரிண்டர் கிடையாது, முத்திரை கிடையாது. மற்ற நால்வரும் கட்டைவிரலுக்கே வேலைக்கு வந்தவர்கள்.

செப்டம்பர் 18, வெள்ளி, தபாலில் ஒரு கடிதம் வந்தது. வேலை, சம்பளம், எல்லாம் இருந்தது. எழுதிய தேதி இல்லை. தேதியில்லாத கடிதம் அவருக்குக் கடிதமே இல்லை. ஒரு விளக்கக் குறிப்பும் தபால்தலை ஒட்டிய உறையும் சேர்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார்.

செப்டம்பர் 24, வியாழன், இரண்டாவது கடிதம். தேதி இருந்தது. செப்டம்பர் முப்பத்தொன்றாம் தேதி வேலையில் சேர வேண்டும் என்றும் இருந்தது.

பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஒரு கோடு கிழித்துத் தானே திருத்திவிடலாம். ஆனால் அடுத்தவர் கையெழுத்துப் போட்ட கடிதத்தைத் திருத்துவது அவர் அகராதியில் இல்லை. மனைவி வந்து எதிரே நின்றாள்.

"அவங்க உங்களை வேலைக்கு எடுக்கறாங்களா, இல்ல நீங்க அவங்களைச் சோதனை பண்றீங்களா? கைக்கு எட்டினது வாய்க்கு எட்டாமப் போயிடும், பாத்துக்கோங்க."

"அப்படி ஒரு தேதியே இல்லையேம்மா. இல்லாத தேதியில எப்படிப் போய்ச் சேர்றது?"

கடிதம் திரும்பிப் போயிற்று.

இந்தத் தடவை அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. வெள்ளிக்கிழமை அழைத்தார், எடுக்கவில்லை. சனி, எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அழைக்கத் தைரியம் வரவில்லை. முடிந்தது, இரண்டு தடவை வந்த வேலையை இரண்டு தடவையும் நானே திருப்பி அனுப்பிவிட்டேன் என்று மச்சினனிடம் சொன்னார். ஒருவனுக்கு ஒரே இயந்திரத்தை மூன்று தடவை விற்றவனான அவனாலும் ஆறுதல் சொல்ல முடியவில்லை. திங்கட்கிழமை காலை பழைய மேலாளர் அழைத்து, வியாழன் பத்து மணிக்கு வந்துவிடுவீர்கள் அல்லவா, நாளை மறுநாளுக்குள் உறுதி சொல்லுங்கள் என்றார். இவர் சரி என்றார். அலுவலகச் சட்டைகள் இரண்டை எடுத்து இஸ்திரி போட்டார். மூன்றாவதை எடுத்தபோது மனைவி அதை வாங்கி மடித்து அலமாரியில் வைத்துவிட்டாள்.

"இன்னும் ரெண்டு நாள் இருக்கு. நோட்டுல நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

மறுநாள் காலை பதினொன்று இருபதுக்குத் தபால்காரர் வந்தார். இவர் நின்றுகொண்டே உறையைப் பிரித்தார். எழுதிய தேதி இருந்தது. சேர வேண்டிய நாள் அக்டோபர் 1, வியாழன், காலை பத்து மணி. வேலை லெவல் டிசைனர். மூன்று மாதம் தகுதி பார்த்து நிரந்தரம். ஒருவர் கையெழுத்துக்குப் பதில் ஐந்து பேர் கையெழுத்து. கீழே கையால் நாலு வரி: 'காலண்டரை வைத்துக்கொண்டு ஐந்து பேரும் சரிபார்த்தோம். உங்களுக்காகவே முத்திரை செய்து வாங்கினோம். போனை எடுக்காததற்கு மன்னிக்கவும். எடுத்தால் அதிலும் ஒரு தப்புக் கண்டுபிடிப்பீர்கள் என்று பயம்.'

மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து மறுபடி படித்தார். மூன்றாம் தடவை படித்து முடித்தபோது அவர் புருவம் மெல்ல உயர்ந்தது. புத்தம்புது முத்திரையைத் தலைகீழாகக் குத்தியிருந்தார்கள்.

மனைவி முத்திரையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் வைத்து மூடினார். "எல்லாம் சரியா இருக்கு" என்றார்.

பிறகு பேனாவை எடுத்துக் கடிதத்தின் மூலையில், தன் வழக்கப்படி, சின்ன எழுத்தில் எழுதினார்: பெற்றுக்கொண்டது, செப்டம்பர் 29, செவ்வாய்.